கட்டைவிரல் சம்மதம் ஆகாது

நவம்பர் 12, புதன்

காலை முதல் மழை. கொடியில் துணி நேற்றிலிருந்து அப்படியே.

முதலில் ஒரு திருத்தம். யாரும் படிக்கப் போவதில்லை. இருந்தாலும் ஓரிடத்திலாவது சரியாக எழுதப்பட்டிருக்க வேண்டும். மருமகள் சுமதி (இனி சு.) மாடிப்படியில் நின்று தன் அம்மாவிடம் போனில்: "எங்க அத்தைக்குப் புதுப் போனு ஒண்ணும் புடிபடலம்மா. பழைய பட்டன் போனத்தான் தலமாட்டுல வெச்சிக்கிட்டுத் தூங்குறாங்க."

தவறு. பழைய போன் தலைமாட்டில் இருப்பது அலாரத்துக்காக. புதியது வந்து ஒரு வாரம்தான். அதற்குள் யாரையும் கேட்காமல் நான் கற்றவை:

தமிழ் விசைப்பலகைக்கு மாறுவது.
படம் எடுத்து அனுப்புவது. கோணல் இல்லாமல். சு. எடுப்பது எல்லாம் கோணல்.
தவறாகப் போனதை இரண்டு பக்கமும் அழிப்பது.
குடும்பக் குழுவின் ரோஜாப்பூ வணக்கங்கள் சத்தமில்லாமல் வந்து விழும்படி செய்வது. (இது சு.வுக்கே தெரியாது. சொல்லித் தரவும் இல்லை.)

கான்வென்டில் படித்தவள். பதிவுத் துறையில் சேர்ந்து சார்பதிவாளராக ஓய்வு பெற்றவள். மாவட்டத்தில் பாதிப் பேருடைய பத்திரத்தில் என் கையெழுத்து இருக்கிறது. எனக்கு ஒரு செயலி புரியாதா.

புதிய செயலி பற்றி என் கருத்து, பழைய குறுஞ்செய்தியோடு ஒப்பிட்டு:

குறுஞ்செய்தியில் தமிழ் எழுபது எழுத்தைத் தாண்டினால் இரண்டாக உடையும். அதனால் அளந்து எழுதப் பழகினேன். ஒரு செய்தி, ஒரு பொருள், முடிவில் புள்ளி. புதியதில் எல்லை இல்லை. அதனால் யாருக்கும் எங்கே நிறுத்துவது என்று தெரியவில்லை.

இரண்டு டிக் விழுந்தால் போய்ச் சேர்ந்தது, நிறம் மாறினால் படித்தாயிற்று. பதிவுத் தபாலின் ஒப்புகை அட்டை மாதிரி. மிகவும் பிடித்திருக்கிறது.

மறுமுனையில் ஒருவர் எழுதிக்கொண்டிருக்கிறார் என்று காட்டுவது. ஜன்னல் வழியாக எட்டிப் பார்ப்பது போல. கொஞ்சம் அநாகரிகம். ஆனாலும் பார்க்கிறேன்.

மொத்தத்தில், நல்ல சாதனம். பயன்படுத்துகிறவர்கள் சரியில்லை.

சிதம்பரத்து நாத்தனார் மங்கைக்கும் (இனி ம.) அவள் மகன் பாபு இதே போன் வாங்கித் தந்திருக்கிறான். ஓசூரில் வேலை அவனுக்கு. ம.வும் நானும் தினம் காலைக் காபிக்குப் பிறகு ஆளுக்கு ஒரு குறுஞ்செய்தி. என் வீட்டுக்காரர் இறந்த வருஷத்திலிருந்து ஒரு நாள் தவறியதில்லை. இந்தக் குடும்பத்தில் அவளைப் போல எழுதுகிறவர் கிடையாது. போன மாதம் அனுப்பியது: "அடை சுட்டேன். பக்கத்து வீட்டுப் பூனை வாசலில். நல்ல நெய் என்று அதற்கும் தெரிகிறது." வேறு யாரால் முடியும்.

போன் செய்தால் எடுக்க மாட்டாள். டவர் இல்லை, மெசேஜ் போடுங்கள் அண்ணி என்பாள். எனக்கும் அதுவே சௌகரியம்.

இனி எங்கள் காலைச் செய்தியும் புதிய செயலியில்.

நவம்பர் 13, வியாழன்

மழை விட்டு விட்டு. கீரை வாங்கவில்லை, எல்லாம் சேறு.

குழுவில் யாரும் எழுதுவதில்லை. பேசி அனுப்புகிறார்கள். கீரப்பாளையத்து மைத்துனர் இன்று: "அலோ... இது ரெக்கார்டு ஆவுதா? ஆவுதுடா. ஆங். எல்லாரும் சாப்ட்டீங்களா? இங்க வயல்ல முழங்கா தண்ணி. அவ்ளோதான். எங்கடா நிறுத்துறது இத?" நிறுத்தத் தெரியாமல் பின்னால் ஒரு மாடு கத்தியதும் சேர்ந்து வந்தது. மாடு தெளிவு.

நானும் பேசிப் பார்த்தேன். சும்மா சொல்லக்கூடாது, நன்றாக இருந்தது. பள்ளியில் பேச்சுப் போட்டியில் கோப்பை வாங்கிய குரல். ஒவ்வொரு சொல்லுக்கும் தலையும் வாலும் இருக்க வேண்டும் என்று சிஸ்டர் சொல்லித் தந்தது இன்னும் போகவில்லை. ம.வுக்கு மூன்று நிமிடம். செயலியின் குறை நிறைகள், சு. பற்றி ஒரு வரி, கடைசியில் அவர் நினைவு நாளுக்கு என்ன செய்யலாம் என்று ஒரு கேள்வி. இரண்டு முறை அழித்து மூன்றாவதுதான் அனுப்பினேன்.

பதில்: ஒரு கட்டைவிரல். மஞ்சள் நிறத்தில். வேறொன்றும் இல்லை.

என் மேஜைக்கு முன்னால் வந்து கட்டைவிரல் வைத்தவர்கள் எழுதத் தெரியாதவர்கள். அதில் அவர்களுக்கு ஒரு குறைவும் இல்லை. ம. எழுதத் தெரிந்தவள். கேள்விக்குப் பதில் எங்கே?

மறுபடி கேட்க மாட்டேன்.

நவம்பர் 15, சனி

வெயில் ஒரு மணி நேரம். துணி காய்ந்தது.

நேற்றும் கட்டைவிரல். முந்தாநாள் கட்டைவிரல். இன்று நடந்தது வேறு.

குழுவில் பாபு பேசி அனுப்பினான். திரும்பப் போட்டுக் கேட்டுச் சொல் மாறாமல் எழுதுகிறேன், பழக்கம்:

"அம்மா, பாபு பேசுறேன். மழ இந்த வருசம் ஜாஸ்தியா இருக்கு. நீ அங்க தனியா இருக்கறது எங்களுக்குச் சரியாப் படல. மார்கழிக்கு முன்னாடி ஓசூர் வந்துடும்மா. வீட்ட வாடகைக்கு வுட்டுடலாம், ஆளும் பாத்துட்டேன். உனக்கு ஓகேன்னா சொல்லு, அடுத்த ஞாயித்துக்கெழம வண்டி எடுத்துக்கிட்டு வரேன்."

நல்ல பையன். கெட்ட எண்ணம் எதுவும் இல்லை. அம்மாவை எல்லார் முன்னாலும் மரியாதையாகத்தான் கேட்டான்.

சிறிது நேரத்தில் ம.விடமிருந்து கட்டைவிரல். உடனே குழு முழுவதும் கைதட்டல், கும்பிடு, பூங்கொத்து. கீரப்பாளையத்து மாடு மட்டும்தான் வாழ்த்தவில்லை.

சு. காய் நறுக்கிக்கொண்டே சொன்னாள், சிதம்பரத்து அத்தையே ஒத்துக்கொண்டார்கள், நல்ல முடிவு என்று.

தேர் வாசலில் வந்து போகும் வீடு அது. கட்டும்போது ம.வும் அவள் கணவரும் செங்கல்லுக்கு முறை வைத்துத் தண்ணீர் ஊற்றினார்கள். ஆருத்ராவுக்கு ஊரே அவள் வாசலில் கோலம் பார்க்க நிற்கும். அதை விட்டுப் போக ஒரு விரல் போதுமாக இருந்திருக்கிறது. எனக்கு ஒரு வார்த்தை இல்லை.

நவம்பர் 16, ஞாயிறு

மழை. பல்லி விழுந்த பாலைக் கொட்டியது. சு. முகத்தைத் தூக்கி வைத்துக்கொண்டாள்.

மறுபடி கேட்க மாட்டேன் என்று எழுதியிருக்கிறேன். கேட்டேன். குரலில்தான்; கோபம் குரலில் நன்றாக வரும். "மங்கை, போறதுன்னு முடிவு பண்ணிட்ட. எங்கிட்ட சொல்லணும்னு தோணலயா ஒனக்கு? நா அவ்ளோ வேண்டாதவளா ஆயிட்டேனா?"

அவளிடமிருந்து, இந்த வாரத்தில் முதல் தடவையாக, எழுத்தில்: "ஆமாம் அண்ணி. இங்கும் அதே. குடை வேறு உடைந்துவிட்டது."

ஆமாமாம்.

போனை அணைத்து அலமாரியில் புடைவைக்கு அடியில் வைத்தேன்.

நவம்பர் 17, திங்கள்

தூறல். மின்சாரம் இரண்டு முறை போனது. இட்லி மாவு புளித்துவிட்டது.

புடைவை தேய்க்கும்போது அந்தப் பதில் ஞாபகம். போனை எடுத்து மறுபடி படித்தேன். "ஆமாம் அண்ணி" என்பதில்தான் எனக்கு அடி. அதற்கு அடுத்து "இங்கும் அதே". எதற்கு அதே? நான் மழையைப் பற்றிப் பேசவே இல்லை.

ம. பேச்சை மாற்றுகிறவள் அல்ல. கேட்ட கேள்விக்கு நேராகப் பதில் சொல்கிறவள். அதற்காகவே என் மாமியாரிடம், அதாவது தன் சொந்த அம்மாவிடம், தினம் வாங்கிக் கட்டிக்கொண்டவள். என்னைப் புண்படுத்த நினைத்தால் நேராகப் புண்படுத்துவாள். இப்படி மழையும் குடையுமாகச் சுற்றி வர மாட்டாள்.

ஏதோ சரியில்லை. நாளை போகிறேன். சொல்லாமல்.

நவம்பர் 18, செவ்வாய்

வானம் மூடியே இருந்தது, பெய்யவில்லை.

வீட்டிலிருந்து கடலூர் பஸ் ஸ்டாண்டு நடக்கும் தூரம். மழையில் போகத்தான் வேண்டுமா என்று சு. கேட்டாள். மழை இல்லை என்றேன். கண்டக்டர் பையன் "பாட்டிக்கு எடம் குடுங்கப்பா" என்றான். இடம் எடுத்துக்கொண்டேன். பாட்டியை ஏற்கவில்லை.

சிதம்பரம். ம. வீட்டு மணியை அடித்தேன். அடித்தேன். கதவு சாத்தியிருந்தது, தாழ் இல்லை. உள்ளே போனால் சமையலறையில் குக்கர் கூவிக்கொண்டிருக்கிறது, அடிப்பிடித்த வாடை கூடம் வரை. ம. கூடத்தில் எனக்கு முதுகு காட்டி நாற்காலியில் பேப்பர் படித்துக்கொண்டிருந்தாள். நிம்மதியாக. கால் ஆட்டிக்கொண்டு.

நான் முதலில் குக்கரை அணைத்தேன். பிறகு அவள் முன்னால் போய் நின்றேன்.

அவள் என் முகத்தைப் பார்த்தாள், சமையலறைப் பக்கம் பார்த்தாள், மூக்கைச் சுளித்து மோந்தாள். எல்லாம் தெரிந்துகொண்டாள்.

"எத்தினி நாளா மங்கை?"

என் உதட்டைப் பார்த்தே பதில். "எடது காது அண்ணன் தவறின வருசமே போயிடுச்சிண்ணி. வலது இந்த ஆனி திருமஞ்சனத்துக்கு அப்பறம். நேருல பாத்தா வாயசைவு புரியுது. போனுல ஒண்ணுமே இல்ல. உய்யுனு ஒரு சத்தம், அவ்ளோதான்."

டவர் இல்லாத வீடு எப்படி என்று இத்தனை மாதத்தில் நான் ஒருநாள் யோசித்ததில்லை. குறுஞ்செய்தியில் அவளுக்கு ஒரு குறையும் கிடையாது. சொல்லப்போனால் எங்கள் எல்லோரையும்விடத் தெளிவு. எல்லோரும் பேச ஆரம்பித்த அன்றுதான் அவளுக்கு ஊர் அடங்கிப்போயிருக்கிறது.

போனைக் கேட்டேன். தயங்கிக் கொடுத்தாள். வரிசை வரிசையாகக் குரல் செய்திகள், எதையும் திறந்ததற்கான அடையாளம் இல்லை. என் மூன்று நிமிடமும் அதில் ஒன்று. பாபு பேசியதும்.

கட்டைவிரல் ஏன் வைத்தாய் என்று கேட்டேன்.

"எல்லாரும் வெக்கிறாங்க, நானும் வெச்சேன். எதுக்கு வெச்சாலும் தப்பா போவாதுன்னு நெனச்சேன். முந்தாநாளு நீங்க பேசினதுக்கு மட்டும் வெக்க மனசு வரல. என்ன சொல்லியிருப்பீங்க, இந்த மழயப் பத்தித்தான் பொலம்பியிருப்பீங்கன்னு எழுதிப்புட்டேன்."

அப்புறம் நான் செய்தது, முப்பது வருஷம் மேஜைக்குப் பின்னால் செய்ததுதான். கட்டைவிரல் வைப்பவருக்குப் பத்திரத்தைப் படித்துக் காட்டியிருக்க வேண்டும். படித்துக் காட்டினார்களா, புரிந்ததா என்று கேட்காமல் நான் ஒரு பத்திரத்தையும் பதிந்ததில்லை. அதற்காக எத்தனை பேர் என்னைத் திட்டிக்கொண்டு போயிருக்கிறார்கள். பேப்பர் ஓரத்தில் பாபு பேசியதை ஒரு சொல் விடாமல் எழுதி அவள் கையில் கொடுத்தேன்.

படித்தாள். கண்ணாடியைக் கழற்றித் துடைத்து மறுபடி படித்தாள்.

"இதுக்கா நான் வெச்சேன்?"

"இதுக்குத்தான்."

"ஞாயித்துக்கெழமயா வரான்?"

"வண்டியோட."

அடிப்பிடித்த சாதத்தை வழித்துப் போட்டுவிட்டு உப்புமா கிளறினாள். சாப்பிடும்போது சொன்னாள், காது போனதைப் பாபுவிடம் சொல்லிவிட்டால் மறுநாளே பெட்டி கட்டிவிடுவான், அதனால்தான் மறைத்தது; மறைத்ததாலேயே இப்போது பெட்டி கட்டுகிறான் என்று. சொல்லிச் சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை, பிறகு வந்தது.

வருத்தம் எனக்கு இருந்தது, இல்லை என்று எழுத மாட்டேன். ஆனால் அதைவிடப் பெருமையாக இருந்தது. ஆனியிலிருந்து தனியாளாக, யார் கண்ணிலும் படாமல், வெறும் எழுத்தை வைத்துக்கொண்டு இந்தக் குடும்பம் மொத்தத்தையும் சமாளித்திருக்கிறாள். என் கண்ணிலும் படாமல். நான் போலிப் பத்திரத்தை வாசனையில் கண்டுபிடிப்பவள்.

ஒப்பந்தம், உப்புமாத் தட்டுக்கு முன்னால்:
ம.: போக விருப்பமில்லை என்று தானே எழுதி அறிவிப்பது.
நான்: குடும்பத்தில் எல்லோரையும் எழுத வைப்பது. காது விஷயம் என் வாயிலிருந்து வராது.
ம.: இந்த மாதத்துக்குள் கடலூர் வந்து காது டாக்டரைப் பார்ப்பது. கருவி மாட்டச் சொன்னால் மாட்டுவது. பாபுவிடம் எப்போது சொல்வது என்பது அவள் இஷ்டம்.

மூன்றாவதற்கு முரண்டு பிடித்தாள். "செவிட்டு மிசினு மாட்டிக்கிட்டு நாலு வீதியும் சுத்தச் சொல்றீங்களா?" கண்ணாடி மாட்டிக்கொண்டு சுற்றவில்லையா என்றேன். தட்டை எடுத்துக்கொண்டு எழுந்தாள்.

கிளம்பும்போது கேட்டாள்: "அந்த மூணு நிமிசத்துல என்னதாண்ணி பேசினீங்க?"

சொன்னேன். இரண்டு வரியில் முடிந்துவிட்டது.

"பாத்தீங்களா. எழுதினாத்தான் நீங்க அளவா இருப்பீங்க."

நவம்பர் 19, புதன்

நல்ல மழை. ஓட்டை ஜன்னலுக்குத் துணி வைத்தது.

குழுவுக்கு அனுப்பியது. பலமுறை திருத்தியது, கடைசி வடிவம்:

"குழுவில் உள்ள அனைவருக்கும். இன்று முதல் குரல் செய்தி எதையும் நான் திறக்க மாட்டேன். குடும்ப விஷயம் எதுவானாலும் எழுத்தில் வர வேண்டும். குரலுக்கு வைத்த கட்டைவிரலைச் சம்மதமாக நான் எடுத்துக்கொள்ள மாட்டேன். மங்கை வைத்ததும் அதில் சேரும். பாபு, அம்மாவிடம் நீ கேட்டதை எழுத்தில் கேள். அவள் எழுத்தில் பதில் சொல்வாள். லோகநாயகி."

பொய் ஒரு சொல் கிடையாது. திறக்க மாட்டேன் என்றேன். திறக்கத் தெரியாது என்று சொல்லவில்லை.

அரை மணியில் மாடிப்படியில் சு.: "அத்தைக்கு வாய்ஸ் தொறக்கத் தெரியலம்மா. அதச் சொல்ல வெக்கப்பட்டுக்கிட்டு சட்டம் போடுறாங்க. அவுங்க குடும்பமே சிரிக்குது."

எழுந்தேன். படி வரை போனேன். மூன்று நிமிடம் பேசி அனுப்பியவள் நான், வேண்டுமானால் இப்போதே பேசிக் காட்டுகிறேன் என்று நாக்கு நுனி வரை வந்தது.

திரும்பி வந்து உட்கார்ந்தேன். அவர்கள் என்னைப் பார்த்துச் சிரிக்கும்வரை ம. பக்கம் யாரும் திரும்ப மாட்டார்கள். போன புதன் எழுதிய திருத்தம் இந்தப் பக்கங்களோடு இருக்கட்டும். வெளியே போக வேண்டாம்.

ஆனாலும் சு.வின் கோணல் படங்களைப் பற்றிச் சொன்னது நிற்கிறது.

நவம்பர் 20, வியாழன்

மழை நின்று வெளிவாங்கல். பால் தாமதம்.

மாறுதல் தெரிகிறது. கீரப்பாளையத்து மைத்துனர் எழுதியே அனுப்பியிருக்கிறார்: "தண்ணி வடியுது. அண்ணி சொன்னதால டைப்பு பண்றேன். வெரல் வலிக்குது." அவர் எழுத்து இவ்வளவு சுருக்கமாக இருக்கும் என்று எனக்குத் தெரியாது. மரியாதை கூடிவிட்டது.

காபிக்குப் பிறகு ம.வின் செய்தி, குழுவில், எல்லோர் முன்னாலும்:

"பாபு, நீ கேட்டதற்கு யோசித்துப் பதில் எழுதுகிறேன். ஓசூருக்கு இருக்க வரவில்லை. பார்க்க வருவேன். ஆருத்ரா தேர் என் வாசலில் வரும்போது நான் வாசலில் இருக்க வேண்டும். ஞாயிற்றுக்கிழமை வண்டியில் நீங்கள் எல்லோரும் வாருங்கள், அடை சுடுகிறேன். வாடகைக்குப் பார்த்த ஆளிடம், வீட்டில் ஆள் இருக்கிறாள் என்று சொல்லிவிடு."

எழுபது எழுத்து தாண்டிவிட்டது. பரவாயில்லை. கடைசி வரியை மட்டும் பலமுறை படித்தேன். சு. கீழே இறங்கி வந்து தன் போனைக் காட்டினாள். "சிதம்பரத்து அத்தை இப்டில்லாம் எழுதுவாங்களா?" எழுதுவாள் என்றேன்.

பதினொரு மணிக்கு ம. எனக்குத் தனியாக: "பாபு போன் செய்துகொண்டே இருக்கிறான். திரையில் அவன் முகம் மின்னுகிறது. எடுக்கவில்லை. பாவமாக இருக்கிறது."

எடுக்காதே, அவனுக்குக் கை இருக்கிறது என்று எழுதினேன்.

சற்று முன் குழுவில் பாபு. குரல். இரண்டு நிமிடத்துக்கு மேல். கோபமா, கெஞ்சலா, சரி என்றானா, தெரியவில்லை. விரல் அதன் மேலேயே நின்றது. ஒரு தட்டு போதும்; என்னைத் தவிர யாருக்கும் தெரியாது. சு. திறந்து கேட்டுவிட்டாள், மேலே அவள் அறையிலிருந்து அவன் குரல் வந்தது. எழுந்து போய் என் கதவைச் சாத்தினேன்.

பிறகு எழுதி அனுப்பியது:

"பாபு, நீ பேசியது வந்தது. நான் திறக்கவில்லை, உன் அம்மாவும் திறக்க மாட்டாள். நீ என்ன நினைக்கிறாயோ அதை முழு வாக்கியத்தில் அவளுக்கு எழுது. ஞாயிற்றுக்கிழமைக்கு முன் எழுத்தில் பதில் அனுப்பவும்."